கருடனும் நானும்

வைகாசி மாதத்து நண்பகலில், விஷ்ணு காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலின் கருங்கல் பிராகாரம் தோசைக்கல்லாய்க் காய்ந்து, பக்த கோடிகளெல்லாம் நாட்டியம் பயின்றவர்களைப்போலத் துள்ளித் துள்ளிப் பிரதட்சிணம் செய்யும் வேளையில், கோபுரத்துக்கு மேலே கருடன் ஒன்று சிறகசைக்காமல் வட்டமிடக் கண்டால், என் தாயார் கன்னத்தில் போட்டுக்கொள்வது வழக்கம். காய்ந்த கல்லிலிருந்து கிளம்பும் உஷ்ணக் காற்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அந்தப் பட்சி காலணாச் செலவில்லாமல் மேலே போகிறது என்று ஒருமுறை நான் வியாக்கியானம் செய்யப்போய், அன்று எனக்கு நீர்மோர் கிடைக்காமற் போயிற்று.

தறிக்குழியில் கால் வைத்த பரம்பரையில் பிறந்த எனக்கு இந்த ஞானம் வாய்த்தது, மைத்துனருடைய சிபாரிசினால் மேற்கே ஓர் ஊரில் இயந்திரமில்லா விமானமாகிய கிளைடரின் முன் ஆசனத்தில் உட்கார நேர்ந்ததனால். “இன்று நல்ல நாள்” என்றார் விமானி. பஞ்சாங்கம் பார்த்துச் சொல்கிறாராக்கும் என்று மகிழ்ந்தேன். அவர் பார்த்ததோ, பத்தரை மணிக்கே அடி தட்டையாகவும் தலை பஞ்சுப் பொதியாகவும் திரளத் தொடங்கிய மேகங்களை.

தரையிலிருந்த விஞ்சு கம்பிவடத்தைச் சுருட்டி இழுக்க, காற்றாடிபோல் நாங்கள் செங்குத்தாய் ஏறினோம். உச்சியில் ‘டொக்’கென்று வடம் கழன்றது. நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு இழை அறுந்த சத்தம் நல்ல சகுனம் அன்று. அதன்பிறகு ஒரு மேகத்தின் அடியில் சுற்றிச் சுற்றி உயரம் சேர்ப்பதும், அதைச் செலவழித்துக்கொண்டே அடுத்த மேகத்துக்கு ஓடுவதுமாய், சம்பளத் தேதிக்கும் கடன்காரனுக்கும் நடுவே நான் நடத்தும் ஜீவனத்தையே அவர் ஆகாயத்தில் நடத்திக் காட்டினார். ஏறினால் கீச்சிட்டு உற்சாகப்படுவதும் இறங்கினால் முனகுவதுமாக வேரியோமீட்டர் என்றொரு கருவி வேறு. விமானம் வலப்புறம் சுற்ற, ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போயிருந்த, சுக்கும் மிளகும் போட்ட கோயில் இட்லி என் வயிற்றில் இடப்புறமாய்ச் சுற்றிற்று.

ஒருவர் தனியே 50 கிலோமீட்டர் பறந்தால், கிளைடர் விமானிகளுக்குக் கொடுக்கும் வெள்ளிச் சின்னத்துக்கு அது ஒரு தகுதியாம். காஞ்சியிலிருந்து திருக்கழுக்குன்றத்துக்கு நேர்க்கோட்டில் பறந்தால்கூட அந்தத் தூரம் தேறாது. ஆனால் அக்குன்றில் உச்சிவேளையில் சர்க்கரைப் பொங்கல் உண்ண வந்துகொண்டிருந்த இரண்டு வெண்கழுகுகளும், விடியற்காலையில் காசியில் கங்காஸ்நானம் முடித்துப் புறப்பட்டவை என்பது ஐதிகம்; சுமார் 1,400 கிலோமீட்டர்! 2003-ல் கிளௌஸ் ஓல்மான் என்னும் ஜெர்மானியர் ஆண்டிஸ் மலைக்காற்றில் 3,000 கிலோமீட்டருக்குமேல் பறந்தார். அவருக்கும் ஒரு பகல் முழுதும் வேண்டியிருந்தது, முடிவில் பொங்கலும் கிடையாது. பூமி காயுமுன் விடியற்குளிரில் அந்தக் கழுகுகள் எந்தக் காற்றைப் பிடித்தன என்று கேட்டால் மறுபடியும் மோர் போய்விடும். இப்போது அவை வருவதில்லை என்பதில் எனக்கு மெய்யாகவே வருத்தம்.

நாங்களோ 38-ஆவது கிலோமீட்டரில், பெருமேகமொன்று வெயிலை மறைக்க, காற்றும் கைவிட்டு, அறுவடையான சோளக்காட்டில் இறங்கினோம். ஓடிவந்த கிழவியொருத்தி மூக்கிலிருந்து வால்வரை சுற்றிப் பார்த்துவிட்டு, இஞ்சின் எந்தப் பக்கம் விழுந்தது, பேரனை அனுப்பித் தேடச் சொல்லட்டுமா என்று அனுதாபத்தோடு கேட்டதாக விமானி மொழிபெயர்த்தார். வண்டி வந்து, இறக்கைகளைக் கழற்றி, கல்யாணம் முடிந்த வீட்டுப் பந்தற்கால்களைப்போல அடுக்கி ஏற்றுவதற்குள் இருட்டிவிட்டது.

ஆகையால் இப்போதெல்லாம் பிராகாரத்தில் கருடனைக் கண்டால், தாயாருக்கு முன்னதாக நான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். சாயங்காலம் அது தன் இறக்கைகளோடு தானே வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறதல்லவா? காரணம் அறியாத தாயாருக்குப் பரம திருப்தி. மோர் இரண்டு டம்ளர் வருகிறது.