ஏரிக்கரைக் கேள்விகளும் பாலே பதில்களும்

கோட்டைக்குப்பம் வாசகர்: பழவேற்காடு ஏரியில் பூநாரையைப் பார்க்க வந்த ஒரு டூரிஸ்ட் அம்மா, “பாலே ஆடுது பாருங்க” என்றார். அது ஆட்டமா?

சாப்பாடு. காலால் சேற்றைக் கலக்கி, தலையைக் கவிழ்த்து, கிளம்புகிற பொடி உயிர்களை அலகால் வடிகட்டித் தின்கிறது. ஜோடி தேடும் காலத்தில் கூட்டமாக ஒரே பக்கம் நடந்து, எல்லாம் சேர்ந்து கழுத்தைத் திருப்பும். அதை வேண்டுமானால் ஆட்டம் என்று ஒப்புக்கொள்ளலாம்.

லைட்ஹவுஸ் குப்பம் மாணவி: பாலே ஆடுபவர்கள் விரல் நுனியில் நிற்கிறார்களே, ஷூவுக்குள் கட்டை வைத்திருக்கிறார்களா?

கட்டை கிடையாது. துணியையும் காகிதத்தையும் பசை போட்டு அடுக்கி இறுக்கிய முனை அது. வியர்வை பட்டால் இளகிவிடும். பெரிய நடனமணிக்கு ஒரே ராத்திரியில் ஒரு ஜோடி காலி. அந்த ஷூ வெகுகாலம் வெள்ளைக்காரர் தோலுக்குப் பொருந்தும் இளஞ்சிவப்பில்தான் வந்தது. கறுப்பினப் பெண்கள் மேக்கப்பைப் பூசி நிறம் மாற்றிக்கொண்டார்கள். லண்டன் ஃப்ரீட் கம்பெனி பழுப்பு நிறத்தில் போட்டது 2018-ல்! 2015-ல் அமெரிக்கன் பாலே தியேட்டரின் முதல் கறுப்பினப் பெண் முதன்மை நடனமணியான மிஸ்டி கோப்லாண்ட், 2025 அக்டோபரில் அங்கிருந்து விடைபெற்றார்.

ஜமீலாபாத் வாசகர்: நம்ம தமிழ்ப் பெண் யாராவது ஐரோப்பிய மேடையில் ஏறியதுண்டா?

ஏறினார்கள், 1838-லேயே. கடலூர் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து ஐந்து தேவதாசிகளும் மூன்று வாத்தியக்காரர்களும் ஒரு பிரெஞ்சு வியாபாரியோடு ஒப்பந்தம் போட்டுக் கப்பலேறி, பாரிஸின் வாரியேத்தே தியேட்டரில் ஆடினார்கள். மூத்தவருக்கு 30 வயது, கடைக்குட்டிக்கு 6. நட்சத்திரம், அமனி என்று பிரெஞ்சுப் பத்திரிகைகள் எழுதிய 18 வயதுப் பெண். எட்டு வருஷம் முன்பே மரீ தக்லியோனி என்ற பாலே ராணி அதே பாரிஸில் இந்திய தாசியாக வேஷம் கட்டியிருந்தார். நகலைப் பார்த்துப் பழகிய ஊருக்கு அசல் பின்னால் போய்ச் சேர்ந்தது. ஆகவே அசலைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். கவிஞர் தியோஃபில் கோத்தியே சொக்கிப்போய் எழுதித் தள்ளினார். மூன்று வருஷத்தில் ‘ஜிசெல்’ பாலேக்குக் கதை எழுதிய அதே கோத்தியேதான். பார் என்ற சிற்பி அமனியை வெண்கலத்தில் வார்த்தார்.

1877-ல் ரஷ்யாவில் பெத்திபா என்ற நடன இயக்குநர் ‘லா பயதேர்’ பாலேயைப் போட்டார். கதாநாயகி கோயில் நாட்டியக்காரி, ஊர் கோல்கொண்டா. மெட்டிலும் அடவிலும் நம்ம ஊர் வாசனை மருந்துக்கும் கிடையாது. இந்தக் கேலிச்சித்திரம் இனி எதற்கு என்ற சண்டை இப்போது பலமாகியிருக்கிறது. 2024-ல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பில் சானும் டக் ஃபுலிங்டனும் கதையையே 1930-களின் ஹாலிவுட்டுக்குக் குடி மாற்றிவிட்டார்கள். சாமர்த்தியம்தான். இருந்தாலும், பொய்யான இந்தியாவைத் துரத்திய கையோடு நிஜ இந்தியாவுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். திருவந்திபுரத்துக் கதையே ஒரு முழு ராத்திரிக்குத் தாங்கும்.

பழவேற்காடு பஜார் வாசகி: ருக்மிணி தேவி பாலே கற்றவராமே?

ஆமாம், ரஷ்ய பாலே நட்சத்திரம் அன்னா பாவ்லோவா குழுவின் கிளியோ நோர்டியிடம். உங்கள் நாட்டு ஆட்டத்தைப் போய்ப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பியவரே பாவ்லோவாதான். பிறகு பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம், 1935-ல் அடையாறில் மேடை, 1936-ல் கலாக்ஷேத்ரா. ஆனால் பிள்ளையவர்களின் வீட்டுத் திண்ணையில் தலைமுறைகளாக ஆட்டம் இருந்தது. பாவ்லோவா சொல்லித்தான் அது பிறந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பெயர் வேண்டாம் என்ற ஒரு தாய்: பையன் நன்றாக ஆடுகிறான். கடல் தொழில் பார்க்கிற வீட்டுக்கு இதெல்லாம் கட்டுமா தம்பி?

திறமை கட்டும் அக்கா, ஃபீஸ்தான் கட்டாது. டெல்லியில் ஈ-ரிக்‌ஷா ஓட்டுபவரின் மகன் கமல் சிங், 17 வயதுக்குப் பக்கத்தில் ஒரு இந்திப் படத்தைப் பார்த்துப் பாலே கற்க ஆரம்பித்து, 2020-ல் லண்டன் இங்கிலீஷ் நேஷனல் பாலே பள்ளிக்குப் போனார். பணம் ஊர் கூடித் திரட்டியது. பையனை ஆடவிடுங்கள், பரீட்சையையும் எழுதவிடுங்கள்.

நடுக்குப்பம் வாசகர்: ‘ஸ்வான் லேக்’ ஏரிக்கதைதானே, நம்ம ஏரியில் போடலாமா?

முகத்துவாரம் மண் மூடும் கோடையில் போட்டால் மேடைச் செலவு மிச்சம். ஆனால் டிவியில் போட்டால் உஷார். 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது சோவியத் டிவி திரும்பத் திரும்ப இதைத்தான் காட்டியது. 2022 மார்ச்சில் நிறுத்தப்பட்ட ரஷ்யாவின் ‘தோஷ்த்’ சேனலும் இதைப் போட்டுவிட்டுத்தான் மூடியது. நம்ம தூர்தர்ஷனில் அந்தக் காலத்தில் சேர்ந்தாற்போல ஷெனாய் கேட்டால் ஜனங்கள் எந்தத் தலைவர் போய்விட்டார் என்று விசாரிப்பார்கள் அல்லவா, அங்கே அன்னம் ஆடினால் அந்த விசாரணை.