கரையில் நீந்துகிறவர்

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடங்கள் பூட்டியதும் கொச்சி மட்டாஞ்சேரியில் சில அப்பாக்களின் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் முளைத்துவிடும். அவர்களில் ஒருவர் மார்ச் மாதம் வரைக்கும் பஜார் ரோட்டில் ஒரு மலஞ்சரக்குக் கடையில் பேரேடு எழுதிக்கொண்டு, சாயங்காலம் ஒரு சுலைமானி குடித்துவிட்டு, யார் வம்புக்கும் போகாமல் இருந்தவர்தான். மகனை வெக்கேஷன் நீச்சல் கேம்ப்பில் சேர்த்த கோடையில் பித்துப் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் வாயில் ‘கொஞ்ச நேரம்’, ‘இப்ப வந்துடுறேன்’ எல்லாம் கிடையாது. நொடியும், நொடியில் நூறில் ஒரு பங்கும்தான்.

அவரை நாம் ஸ்டாப்வாட்ச் அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். தாத்தா அம்பாசமுத்திரத்திலிருந்து பிழைக்க வந்தவர். தாமிரபரணியில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்த உடம்பு அது. மூன்றாவது தலைமுறைக்கு வந்துசேர்வதற்குள் தமிழ் தப்பித்தது, இலைபோட்டுச் சாப்பிடுவது தப்பித்தது, நீச்சல் மட்டும் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. அண்ணாச்சிக்கு நீந்தத் தெரியாது. படகில் ஏறினாலே நடுவில் போய் உட்காருகிறவர்.

இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. மட்டாஞ்சேரிக்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் சரக்கு வருகிற வழி, போகிற வழி. ஊருக்கும் வில்லிங்டன் தீவுக்கும் நடுவில் ஓடும் மட்டாஞ்சேரி சேனலில் படகு போகும், மழை பிடித்தால் பாயல் என்னும் நீர்ச்செடி மிதந்து வரும். மனுஷன் இறங்குவதில்லை. எனவே வாசலில் காயலை வைத்துக்கொண்டு, பிள்ளையைக் குளோரின் தண்ணீரில் முக்குவதற்காக விடிகாலையில் ஸ்கூட்டரை எடுத்து, தோப்பும்படி தாண்டி, வெண்டுருத்திப் பாலம் தாண்டி, கடவந்த்ரா ரீஜனல் ஸ்போர்ட்ஸ் சென்டருக்குப் போகிறார் அண்ணாச்சி.

“நீச்சலுக்கு இவ்வளவு தூரமா?” என்று வீட்டில் கேட்டால் பதில் தயார். “மாதவன் பிள்ளைக்காகத் துபாய்க்கே குடிபோனார். நான் கடவந்த்ராவுக்குப் போகக் கூடாதா?”

நடிகர் மாதவனின் மகன் வேதாந்த் 2022-இல் டென்மார்க்கில் 800 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வாங்கியதிலிருந்து தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பல அப்பாக்களின் தூக்கம் போயிற்று. அதுவரை பிள்ளைகள் கிரிக்கெட்டில்தான் நம்மை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள்.

நியாயமாகச் சொன்னால், அண்ணாச்சி தொடங்கிய இடம் வேறு. 2007-இல் தட்டேக்காட்டில் பெரியாற்றில் படகு கவிழ்ந்து, சுற்றுலா போன 15 பள்ளிப் பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். அந்தச் செய்தி இந்தப் பக்கத்து அப்பாக்களின் அடிவயிற்றில் இன்னும் கிடக்கிறது. ஆலுவாவில் சஜி வாளாசேரில் என்பவர் அதே பெரியாற்றில் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் நீச்சல் கற்றுத்தருவதும், அங்கே கோடைக் காலையில் கூட்டம் சேர்வதும் இந்தப் பயத்தால்தான். “மிதக்கத் தெரிஞ்சாப் போதும் சாரே” என்றுதான் அண்ணாச்சியும் கோச்சிடம் சொல்லிப் பணம் கட்டினார். பையன் மிதந்தான். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்து லேனில் வேறொரு பையன் கொஞ்சம் வேகமாக மிதந்துவிட்டான்.

ஸ்டாப்வாட்ச் மறுநாளே வந்தது.

வீட்டில் முதல் போர் எண்ணெய்க்காக மூண்டது. தலையில் எண்ணெயோடு குளத்தில் இறங்கக் கூடாது என்பது எந்த நீச்சல் குளத்திலும் சுவரில் எழுதியிருக்கும் சட்டம். தலையில் எண்ணெய் இல்லாமல் பிள்ளை வாசற்படி தாண்டக் கூடாது என்பது ஆச்சியின் சட்டம்.

“ஏலே, ஆத்துல தூக்கிப் போட்டா அதுவா நீந்திட்டு வரும். ஒங்க தாத்தா என்ன பீஸு கட்டியா படிச்சாவ?”

“அம்மா, சஜன் பிரகாஷுக்கு ஒலிம்பிக்ஸ் எப்படிக் கிடைச்சுது தெரியுமா? நொடியில பத்துல ஒரு பங்குல! எண்ணெய், முடி, எல்லாம் கணக்குதான்.”

சொல்வது உண்மையும்கூட. 2021 ஜூனில் ரோமில் சஜன் பிரகாஷ் 200 மீட்டர் பட்டர்ஃபிளையை 1 நிமிடம் 56.38 நொடியில் முடித்தார். ஒலிம்பிக்ஸின் ‘ஏ’ தகுதி அளவு 1:56.48. நேரடியாக அந்த அளவைத் தொட்ட முதல் இந்தியர் அவர்தான். அந்தப் பத்தில் ஒரு பங்கு நொடி அண்ணாச்சி மூளையில் ஆணியாக இறங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் பையனுக்கு ஒட்ட முடி வெட்டினார், பழம்பொரியை நிறுத்தினார், வெறும் ஏத்தப்பழத்தில் விட்டார். சரக்கு அதேதான், மைதாவும் எண்ணெயும்தான் வித்தியாசம்.

சஜன் யாருடைய பிள்ளை என்பதில் குளக்கரையில் வழக்கு உண்டு. “எங்க இடுக்கிக்காரன்” என்பார் மலையாளி அப்பா. “பிறந்தது இடுக்கி, நீந்தினது நெய்வேலி” என்பார் அண்ணாச்சி. அம்மா சாந்திமோள் நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தில் வேலைபார்த்ததால் சஜன் வளர்ந்ததும் நீந்தத் தொடங்கியதும் அங்கேதான். வழக்கு முற்றினால் அண்ணாச்சி குற்றாலீஸ்வரனை எடுப்பார். 1994-இல் பதின்மூன்று வயதுகூட ஆகாமல் ஆங்கிலக் கால்வாயை நீந்தி, அதே ஆண்டில் மொத்தம் ஆறு நீரிணைகளைக் கடந்து மிஹிர் சென்னின் சாதனையை உடைத்த ஈரோட்டுப் பையன். அதற்கு எதிர்ச்சீட்டு மலையாளி அப்பாவிடம் கிடையாது. அந்தக் குற்றாலீஸ்வரன் பிறகு பணவசதி இல்லாமல் நீச்சலை விட்டு இன்ஜினியரிங் படிக்கப் போனார் என்ற பகுதியை அண்ணாச்சி சொல்வதில்லை. பையன் பக்கத்தில் நிற்கிறான் அல்லவா.

தொழில் புத்தி எங்கே போகும்? மிளகில் கார்பிள்ட், அன்கார்பிள்ட் என்று இரண்டு விலை உண்டு. தூசி, காம்பு நீக்கிச் சுத்தம் செய்தது கார்பிள்ட்; கொடியிலிருந்து வந்தபடியே இருப்பது அன்கார்பிள்ட். 1957-இல் இதே மட்டாஞ்சேரியில் தொடங்கிய மிளகு வியாபாரிகள் சங்கம் இன்றைக்கும் இரண்டையும் தனித்தனியாகத்தான் விலை சொல்கிறது. அண்ணாச்சி கேம்ப்புப் பிள்ளைகளையும் அப்படியே தரம் பிரித்து வைத்திருந்தார். தன் பையனை மட்டும் எந்தக் குவியலில் போடுவது என்று கடைசி வரை சொல்லவில்லை. தராசில் நிற்கிறது என்றார்.

பையன் நாலாம் வகுப்பு. ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. கிரேஸ் மார்க் கணக்கு இப்போதே தயார். மாநிலப் பள்ளி விளையாட்டில் தேறினால் மார்க் உண்டு என்பது கேரளத்து அப்பாக்கள் அனைவருக்கும் மனப்பாடம். 2024 நவம்பரில் அந்தப் போட்டி கொச்சியில் நடந்தபோது, நீச்சல் மட்டும் கோதமங்கலம் எம்.ஏ. கல்லூரிக் குளத்தில் இருந்தது. அண்ணாச்சி லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார். திருவனந்தபுரத்து துண்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் நீந்திய வேகத்தைக் கண்டு, வரும் வழியெல்லாம் பேசவில்லையாம். வீட்டுக்கு வந்து ஏத்தப்பழத்தை இரண்டாக்கினார்.

அப்படியாக அடுத்த மே மாதக் கடைசியில் மீட் வந்தது.

லோக்கல் மீட் என்றால் தெரியும்தானே. எட்டு மணிக்குத் தொடக்கம் என்று நோட்டீஸில் இருக்கும். ஒன்பதரைக்கு மைக் டெஸ்டிங் நடக்கும். மட்டாஞ்சேரி அணி ஒரு டிராவலரில் வந்து இறங்கியது. கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, மலையாளம், தமிழ் என்று ஊரே அந்த வண்டிக்குள் இருந்தது. பிள்ளைகள் தங்களுக்குள் மலையாளம் பேசிக்கொள்வார்கள். பெற்றோர்கள் திட்டுவது மட்டும் அவரவர் தாய்மொழியில். ஒரு ரேஸ் தொடங்கினால் அத்தனை மொழியிலும் “கையை நீட்டு, காலை உதை” என்று கரை அதிரும். தண்ணீருக்குள் தலையை வைத்திருக்கும் பிள்ளைக்கு இதில் ஒன்றுகூடக் கேட்காது. நீச்சல் விளையாட்டின் பெரிய கருணை இது என்று நான் நினைக்கிறேன்.

ரெஃபரி முதலில் சின்னச் சின்னதாக விசில் ஊதுவார். உடுப்பைக் கழற்றித் தயாராக வேண்டும். பிறகு ஒரு நீள விசில். பிள்ளைகள் பிளாக்கில் ஏற வேண்டும். அந்த நீள விசிலுக்கு அண்ணாச்சி நாற்காலியில் ஏறிவிடுவார். “டேக் யுவர் மார்க்ஸ்” என்றால் குனிவார். ஹூட்டருக்கு முந்தி அசைந்தால் ஒரே தவறில் வெளியே என்பது விதி. அண்ணாச்சி ஒவ்வொரு ஹீட்டிலும் முந்தினார். கரையில் இருந்ததால் யாரும் வெளியேற்றவில்லை.

பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் பையன் ஒரு கையால் சுவரைத் தொட்டான். இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும்; கணக்கில் சேராது. அண்ணாச்சி விதிப்புத்தகத்தை மொபைலில் இறக்கி வைத்திருந்தார். ஆட்சேபம் என்றால் ரேஸ் முடிந்த 30 நிமிடத்துக்குள் எழுத்தில் வர வேண்டும், கூடவே டெபாசிட் கட்ட வேண்டும், அணியின் தலைவர் கொடுக்க வேண்டும். அணித் தலைவர் யார் என்று தேடினார். கோச் கழிவறைப் பக்கம் போனவர், நிலைமை தெரிந்து, உடனே திரும்பவில்லை. நேரம் கடந்தது.

அப்போதுதான் விதி வேறு பக்கமாக வந்தது. டைம்கீப்பர்கள் குறைவு. இந்த மாதிரி மீட்டுகளில் டச்பேட் கிடையாது. லேனுக்கு மூன்று பேர் கையில் கடிகாரத்தோடு நிற்க வேண்டும். அமைப்பாளர் கூட்டத்தைப் பார்த்தார். கழுத்தில் சொந்தக் கடிகாரத்தோடு ஒருவர் நாற்காலியின்மேல் நின்றுகொண்டிருந்தார்.

“சேட்டா, கையில் வாச்சுண்டல்லோ. ஒண்ணு வரூ.”

வெள்ளைத் தொப்பி ஒன்றைக் கொடுத்து இரண்டாவது லேனில் நிறுத்திவிட்டார்கள். பையனுக்கு 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல். அவன் ஐந்தாவது லேன். சொந்தப் பிள்ளை நீந்தும் ஹீட்டில் தகப்பனை நிறுத்துகிறோமே என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை.

டைம்கீப்பர் தன் லேனின் சுவரைத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது. பேரேட்டுக்காரர் பேரேட்டுக்காரர்தான். ஹூட்டர் அடித்ததும் பட்டனை அமுக்கி, குனிந்து, இரண்டாவது லேனின் சுவரில் கண்ணை நட்டார். பின்னால் பையனின் அம்மா அலறுவது கேட்டது. ஆச்சியின் “ஏலே வாலே வாலே” கேட்டது. திரும்பவில்லை. யாரோ ஒரு காக்கநாட்டுப் பையனின் விரல் சுவரில் பட்டது. அமுக்கினார்.

43.38.

மற்ற இருவர் கடிகாரங்களில் 43.45, 43.61. மூன்றும் வேறாக இருந்தால் நடுவில் உள்ளதுதான் கணக்கு. எழுதுகிறவர் 43.45 என்று எழுதினார்.

“அது தப்பு” என்றார் அண்ணாச்சி. “பையன் விரல் பட்டதை நான் கண்ணால பார்த்தேன். முப்பத்தெட்டு.”

“விதி அப்படித்தான் சார்.”

“விதி எனக்கும் தெரியும். ஆனா அந்தப் பையனுக்கு ஏழு போகுதே!”

முன்பின் தெரியாத அந்தப் பையனின் நூறில் ஏழு பங்கு நொடிக்காக அண்ணாச்சி சண்டைபோட்டுக்கொண்டிருந்தபோது, சொந்தப் பையன் துண்டைப் போர்த்திக்கொண்டு பின்னால் வந்து நின்றான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. முகம் மட்டும் சிரித்தது.

“அப்பா, நான் ரெண்டாவது! டைம் என்னப்பா?”

அண்ணாச்சி தன் கடிகாரத்தைப் பார்த்தார். 43.38 நின்றுகொண்டிருந்தது. ஐந்தாவது லேனுக்கு விரைந்தார். அங்கே ஆள் பற்றாக்குறையால் ஒற்றை டைம்கீப்பர். செர்லாயிலிருந்து வந்த கொங்கணி மாமா, இன்னொரு பிள்ளையின் அப்பா.

“என்ன டைம் மாமா?”

“நாற்பத்தொண்ணு... சொச்சம்.”

“சொச்சம்னா எவ்வளவு?”

“சொச்சம்னா சொச்சம்தான் சேட்டா. உங்க பையன் என்ன அழகா நீந்தினான்! அதைப் பார்த்துக்கிட்டே நின்னுட்டேன். பட்டன் அமுக்கக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு.”

அண்ணாச்சி தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். பையனின் பையைத் திறந்து நோட்டில் ஒரு தாளைக் கிழித்தார்; பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. கோச்சைத் தேடிக்கொண்டு நடந்தார். 30 நிமிடத்தில் இன்னும் 26 பாக்கி இருந்தது.