சிலுவைக்குப் பக்கத்தில் சீப்பு எதற்கு?

கெங்குவார்பட்டி வாசகர்: ஸ்காட்லாந்தில் பிக்ட் என்ற பழைய இனத்தார் சிலுவை வெட்டிய கல்லிலேயே கண்ணாடி, சீப்பு, பிறை, பாம்பு எல்லாம் வெட்டி வைத்திருக்கிறார்களாமே. சிலுவை சரி, சீப்பு எதற்கு?

சீப்பு எந்த ஊர்ச் சரக்கு என்று தேடிப் போனால் விடை கிடைக்காது. கல்லில் அதற்கு எந்த இடம் தந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் கிடைக்கும். இந்தக் கற்களை 1903இல் ஆய்வாளர்கள் ரோமில்லி ஆலனும் ஜோசப் ஆண்டர்சனும் மூன்று வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை, செப்பனிடாத பாறைத் துண்டில் குறிகள் மட்டும் கீறியது. இரண்டாவது, இழைத்த பலகைக் கல்லில் சிலுவையும் குறிகளும் சேர்ந்து புடைப்பாக நிற்பது. மூன்றாவதில் சிலுவை உண்டு, குறிகள் இல்லை. இரண்டாம் வகையைக் கவனியுங்கள். பெரும்பாலும் ஒரு முகம் முழுவதும் சிலுவைக்கு. குறிகளும், வேட்டைக்குப் போகும் குதிரை வீரர்களும், போர்க்காட்சியும் மறுமுகத்தில் இருக்கும். ஹில்டன் ஆஃப் கேட்பால் கல்லில் குதிரையேறிப் போகிற ஒரு பெண்ணின் அருகே கண்ணாடியும் சீப்பும் இருக்கின்றன. அவை அவளைச் சார்ந்து நிற்பவை, சிலுவையோடு போட்டிக்கு வந்தவை அல்ல. இந்தக் குறிகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகவே வருவதால், இவை ஆளின் பெயரையோ குலத்தையோ சொல்பவை என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. நம் கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் பிள்ளையார் சுழியோ சிலுவையோ பிறையோ இருக்கும். கீழே தாத்தா பெயரும் பூர்வீக ஊரும் இருக்கும். குடும்பம் மதம் மாறினால் உச்சி மாறும். தாத்தா பெயரை யாரும் எடுத்துவிடுவதில்லை.

பெரியகுளம் வாசகர்: முன்பக்கம் பாதிரியாருக்கு, பின்பக்கம் பழைய சாமிக்கு என்று ரகசியமாக வைத்திருக்கலாம் அல்லவா?

ரகசியம் என்றால் ஒளிக்க வேண்டும். இவற்றில் பல ஆள் உயரத்துக்கும் மேலானவை, ஊரார் பார்க்க நின்றவை. இரண்டு முகத்திலும் ஒரே சிற்பியின் தேர்ச்சி தெரிகிறது. அத்தனை பெரிய கல்லை வெட்டி, இழைத்து, நிறுத்தச் செல்வமும் செல்வாக்கும் வேண்டும். அந்தச் செல்வாக்கு அப்போது தேவாலயத்தின் பக்கம் இருந்தது. கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிக்ட் அரசன் நெக்டன், கல்லால் தேவாலயம் கட்டக் கல்தச்சர்களை அனுப்பும்படி வடக்கு இங்கிலாந்தின் மடத்துத் தலைவர் சியோல்ஃபிரித்திடம் கேட்டான் என்று பீட் என்ற துறவி எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஆட்சியில் பழைய தெய்வத்தை ஒளித்துக் கும்பிட விரும்பியவன் அதை ஊர் நடுவில் நட்டு வைக்க மாட்டான். குறிகள் பழைய மதத்துக்கே உரியவை என்றால், சிலுவை வந்த நாளிலேயே அவற்றைச் செதுக்கி எறிந்திருப்பார்கள். அப்படி நடக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சிலுவையோடு சேர்ந்தே வெட்டினார்கள். பின்னாளில் அவை மறைந்ததற்கும் வலுவான காரணம் அரசியல்தான் என்று நினைக்கிறேன். 9ஆம் நூற்றாண்டிலிருந்து பிக்ட் அரசு கேலிக் மொழி பேசியவர்களின் ஆல்பா அரசுக்குள் கரைந்தது. குலங்களும் பெயர்களும் போனபோது குறிகளும் போயின. கடவுள் அவற்றைத் துரத்தவில்லை.

சின்னமனூர் வாசகர்: கல்லைப் பார்க்க ஸ்காட்லாந்துவரை போக வேண்டுமா? வைகைக் கரையில் இல்லாத கல்லா?

உண்டு, அதுவும் பிக்ட் கல்லுக்குப் பல நூற்றாண்டு மூத்தது. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் குழுவினர் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். மூன்றிலும் தமிழ் பிராமி எழுத்து. அவற்றைக் கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டவை என்று கணிக்கிறார்கள். ஒன்று, ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், கூடலூரில் இறந்த அந்துவன் என்பவனுக்கு எடுத்தது. கூடலூர் என்ற பெயரில் கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் ஓர் ஊர் இருக்கிறது. இக்கற்களில் உருவம் இல்லை, தெய்வமும் இல்லை. பெயரும் ஊரும் நிகழ்ச்சியுமே எழுத்தில் உள்ளன. செங்கம் பகுதியில் பல்லவர் காலத்துக்கு வந்தால் வில்லேந்திய வீரன் உருவத்தோடு நிற்கிறான், அவன் காலருகே கெண்டியும் சிமிழும் இருக்கின்றன. எடுத்தனூர்க் கல்லில், எசமானோடு கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாய்க்கும் உருவமும் பெயரும் உண்டு. இன்னும் பிற்பட்ட கன்னட நாட்டு வீரக்கற்களில் கீழே போர், நடுவே தேவமாதர் வீரனை மேலே அழைத்துச் செல்வது, உச்சியில் சிவலிங்கம். சமணக் குடும்பத்தார் எடுத்த கல்லானால் லிங்கம் இருக்குமிடத்தில் தீர்த்தங்கரர். மேல் அடுக்கில் தெய்வம் மாறுகிறது, கீழ் அடுக்கில் சண்டையும் சாவும் அப்படியே இருக்கின்றன. செங்கத்துக் கெண்டியும் ஹில்டன் சீப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: நினைவுகொள்ளப்படும் ஆளுக்குப் பக்கத்தில் நின்று அவர் யார், அவருக்குரிய மரியாதை என்ன என்று காட்டுகின்றன.

வத்தலக்குண்டு வாசகர்: அப்படியானால் பரங்கிமலைச் சிலுவை? அதன் அடியில் தாமரை இருக்கிறதே. அது இந்துச் சின்னம் இல்லையா?

இந்தக் கேள்விதான் நம் வாதத்துக்கு நல்ல சோதனை. 1547இல் பரங்கிமலையில் போர்த்துகீசியர் கண்டெடுத்த அந்தக் கல்லில், நான்கு கைகளும் மொட்டுப்போல் விரியும் சிலுவை, அடியில் இருபுறமும் எழும் இதழ்கள், மேலே தலைகீழாக இறங்கும் புறா, சுற்றிலும் வளைவு, வளைவின் விளிம்பில் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. போர்த்துகீசியர் அந்த எழுத்துக்குப் புனித தோமாவின் வரலாறு முழுவதையும் பொருளாகக் கேட்டு மகிழ்ந்தார்கள். 1873இல் பர்னல் என்ற ஆய்வாளர் அதைப் பஹ்லவி என்று கண்டு ஆராய்ந்த பிறகே வேறு வெளிச்சம் வந்தது. பின்னர் வின்க்வர்த் என்ற ஆய்வாளர் படித்தபடி அது ஒரு சிறு வேண்டுதல்: சாஹர்புக்தின் மகன் அஃப்ராஸ் என்ற சிரியனுக்கு இரங்கும்படி கிறிஸ்துவிடம் கேட்பது. வேறு வாசிப்புகளும் உண்டு. ஆனாலும் அந்த வாசிப்பின்படி ஒரு மகன் பெயரும் தகப்பன் பெயரும் சிலுவையைச் சுற்றி நிற்பது புலிமான்கோம்பைக்கு எவ்வளவு நெருக்கம்! இனி தாமரை. இதே குடும்பத்துச் சிலுவைகள் கோட்டயத்திலும் முட்டுச்சிறையிலும் உண்டு. 1912இல் அனுராதபுரத்தில் கிடைத்த சிலுவையின் அடியிலும் இலை எழுகிறது. பாரசீகக் கிறிஸ்தவர்கள் தங்கள் நாட்டிலேயே இலை எழும் சிலுவையை வரைந்தவர்கள். அதே திருச்சபை 781இல் சீனத்தின் சியான் நகரில் நிறுத்திய கல்லில் சிலுவை தாமரையின் மேல், மேகங்களுக்கு நடுவே இருக்கிறது. அங்கே அதைப் பௌத்தம் என்பார்கள், இங்கே இந்து என்பார்கள், ஈரானில் வேறொன்று என்பார்கள். ஊர்வழி தேடினால் மூன்று விடை வரும். அமைப்பைப் பார்த்தால் ஒரே விடை: இதழ் தாங்குகிறது, சிலுவை தாங்கப்படுகிறது, புறா அதை நோக்கி இறங்குகிறது. தாமரை எங்கிருந்து வந்தாலும், இந்தக் கல்லில் அது சிலுவைக்குப் பீடம்.

உத்தமபாளையம் வாசகர்: இடமே பொருள் என்கிறீர்கள். இடமே மாறிப் போனால்? எங்கள் ஊரில் சமணச் சிற்பம் உள்ள பாறையைக் கருப்பணசாமி கோயில் பாறை என்றல்லவா சொல்கிறோம்?

நியாயமான மறுப்பு. வெட்டியவர் தந்த பொருள் ஒன்று, பின்னால் வந்தவர் தந்த பொருள் இன்னொன்று. முதலாவதைக் கல்லின் அமைப்பு சொல்லும், இரண்டாவதைக் கல்லைச் சுற்றி நடப்பது சொல்லும். ஒன்றை வைத்து மற்றதை அழிக்கக் கூடாது. உங்கள் பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் வட்டெழுத்தும் சமணத்துக்குச் சாட்சி. அங்கே கருப்பணசாமியைக் கும்பிடுவோர், அந்த இடம் கைவிடப்படாமல் இருந்ததற்குச் சாட்சி. செங்கம், தருமபுரிப் பக்கத்தில் நடுகல் வீரன் வேடியப்பனாகி இன்றும் பொங்கல் வாங்கிக்கொள்கிறான். ஸ்காட்லாந்திலும் இதுவே நடந்தது. மீகிள் ஊர்க் கல்லில் விலங்குகளுக்கு நடுவே நிற்கும் உருவத்தை, ஆர்தர் அரசனின் மனைவி மிருகங்களால் கிழிக்கப்படுகிற காட்சி என்று ஊரார் நெடுங்காலம் சொன்னார்கள். மறுமுகத்தில் இருக்கும் சிலுவையோடு சேர்த்துப் பார்த்தால் அது சிங்கக் குகையில் தானியேல். ஹில்டன் கல்லுக்கு வந்த கதி இதைவிடக் கடுமை. 1676இல் அதன் சிலுவை முகத்தையே செதுக்கித் தள்ளிவிட்டு, அலெக்சாண்டர் டஃப் என்பவருக்கும் அவர் மனைவியர் மூவருக்கும் கல்லறை வாசகம் வெட்டினார்கள். அந்த வாசகமும் இன்று வரலாறுதான். ஆனால் அதற்காக இழந்த சிலுவை முகம் திரும்பாது. 2001இல் பழைய இடத்தைத் தோண்டியபோது கல்லின் அடிப்பகுதியும் உடைந்த சில்லுகளும் கிடைத்ததால் அதன் அமைப்பை ஓரளவாவது மீட்டு அறிய முடிந்தது. அவையும் கல் நின்ற மண்ணிலேயே கிடந்ததால்தான் கிடைத்தன.

தேவதானப்பட்டி வாசகர்: மஞ்சளாற்றுப் பக்கத்தில் என் தோட்டத்தில் எழுத்துள்ள கல் ஒன்று தட்டுப்பட்டால் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து பத்திரப்படுத்தலாமா?

நகர்த்தாதீர்கள். எந்தத் திசை பார்த்துக் கிடக்கிறது, எழுத்து மேலா அடியிலா, பக்கத்தில் கல்வட்டமோ பானை ஓடோ உண்டா என்று குறித்துக்கொண்டு, நாலு புறமும் படம் எடுங்கள். சுண்ணாம்போ எண்ணெயோ பெயின்டோ வேண்டாம். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று ஆணியால் கீறவும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை அந்த இடத்தில் மட்டும் டிராக்டர் ஓட்டாமல் விடுங்கள்.