குரோஷாப் பேயின் இலக்கணம்

குரோஷாப் பேய் என்பது அக்டோபர் 31ஆம் நாள் வரும் ஹாலோவீனுக்காக, கொக்கி ஊசியால் வெள்ளை நூலைப் பின்னி, உள்ளே பஞ்சடைத்துச் செய்யப்படும் சிற்றுருவம். உயரம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர், குறுக்களவு 5. கண் இரண்டு. கை சிலவற்றுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை. கால் எதற்கும் இல்லை. வாய் வேண்டுமா என்பதில் துறையினர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து வீடுகளில் கணப்படுப்பின் மேல்தட்டும் ஜன்னல் விளிம்பும் இதன் இயல்பான வாழிடங்கள். அக்டோபர் தொடக்கத்தில் தலைகாட்டும். நவம்பர் பிறந்ததும் பெட்டிக்குள் போய்விடும். அமெரிக்க வீடுகளில் அதே தட்டில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் குரோஷாப் பூசணிக்கு நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாள் வரை தங்கும் உரிமை உண்டு. பேய்க்கு அந்தச் சலுகை இல்லை.

இத்துறையின் அடிப்படைச் சிக்கல் எளிது. பேய் என்றால் உடல் இல்லாதது. குரோஷா என்றால் எண்ணிக்கை தவறாதது. எடையின்றி, எல்லையின்றி, மூடிய கதவினூடே நுழையக்கூடிய ஒன்றுக்கு இங்கே 550 கண்ணிகளில் உடல் கட்டப்படுகிறது. அதில் 1 கண்ணி குறைந்தாலும் பேய் ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. கதைகளில் வரும் எந்தப் பேயும் இவ்வளவு துல்லியத்துக்குக் கட்டுப்பட்டதில்லை.

முதலில் நிறம். மேலைநாட்டுப் பேய் வெள்ளைத் துணி போர்த்தி வருவதற்குக் காரணம் பிணத்தைச் சுற்றும் சவத்துணி. பல நூற்றாண்டுகள் ஏழை எளியோர் சவப்பெட்டி இன்றித் துணியில் சுற்றியே புதைக்கப்பட்டனர். ஆகவே திரும்பி வருபவரும் அந்த உடையிலேயே வருவதாகக் கருதப்பட்டது நியாயமே. லண்டன் புனித பால் பேராலயத்தில் கவிஞர் ஜான் டன்னின் பளிங்குச் சிலை சவத்துணி போர்த்தி நின்ற கோலத்தில் இன்றும் இருக்கிறது. 1631இல் நிக்கோலஸ் ஸ்டோன் செதுக்கியது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீயில் பழைய ஆலயம் அழிந்தும் சிலை தப்பியது. நின்ற நிலையிலுள்ள போர்வை உருவத்துக்குக் குரோஷாவுக்கு முந்திய நல்ல சான்று இது. பஞ்சு மட்டும் இல்லை.

நூல் எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு இங்கிலாந்து நாடாளுமன்றமே ஒருகாலத்தில் விடை சொல்லியிருக்கிறது. 1666 முதல் 1680 வரை அடுத்தடுத்து வந்த கம்பளிச் சவத்துணிச் சட்டங்களின்படி, பிணத்தை ஆட்டுக் கம்பளியில் மட்டுமே சுற்றிப் புதைக்க வேண்டும். கொள்ளைநோயில் இறந்தவருக்கும் வக்கற்ற ஏழைகளுக்கும் விலக்கு இருந்தது. உள்நாட்டுக் கம்பளி வணிகத்தைக் காப்பதே நோக்கம். இறந்தவருக்குக் குளிரும் என்ற கவலை சட்டம் இயற்றியவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மீறினால் 5 பவுண்டு அபராதம். அதில் பாதி துப்புக் கொடுத்தவருக்கு. லினனில்தான் புதைப்போம் என்ற வசதியான குடும்பங்கள் தங்களில் ஒருவரை விட்டே துப்புக் கொடுக்கச் செய்து பாதிப் பணத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டதும் உண்டு. இதன்படி, அக்காலத்து இங்கிலாந்தில் சட்டத்துக்கு உட்பட்டுப் புதைக்கப்பட்ட எவரும் கம்பளிப் பேயாகத்தான் திரும்பியிருக்க முடியும். இன்று பெரும்பாலோர் கையில் இருப்பதோ மலிவான அக்ரிலிக் நூல். சட்டம் 1814இல் நீக்கப்பட்டுவிட்டதால் பின்னுவோர் அஞ்ச வேண்டியதில்லை.

வெள்ளைப் போர்வை உருவம் உண்மையிலேயே அச்சம் தந்த காலமும் இருந்தது. 1803இன் இறுதியில் லண்டனை அடுத்த ஹேமர்ஸ்மித்தில் பேய் நடமாடுவதாகப் பேச்சு பரவியது. 1804 ஜனவரி 3ஆம் நாள் இரவு, துப்பாக்கியுடன் காவலுக்குக் கிளம்பிய பிரான்சிஸ் ஸ்மித், எதிரே வெள்ளையாக வந்த உருவத்தைச் சுட்டார். இறந்தவர் தாமஸ் மில்வுட் என்ற கொத்தனார். தொழிலுக்குரிய வெள்ளை உடையில் போய்க்கொண்டிருந்தார். மேலே ஒரு கோட்டு போட்டுக்கொண்டு போ என்று மாமியார் முன்பே சொல்லியிருந்தார், மருமகன் கேட்கவில்லை. ஸ்மித்துக்கு விதித்த மரண தண்டனை ஓராண்டுக் கடுங்காவலாகக் குறைந்தது. பிறகு ஒரு செருப்புத் தொழிலாளி, தன் பிள்ளைகளுக்குப் பேய்க்கதை சொல்லி மிரட்டிய தொழில் பழகுநர்களைப் பழிவாங்கப் போர்வை போர்த்தி உலவியது தானே என்று ஒப்புக்கொண்டார். இத்தகைய வரலாறு கொண்ட உருவம் இரண்டு நூற்றாண்டுக்குள் உள்ளங்கை அளவு சுருங்கி, புன்னகையும் பூண்டுவிட்டது.

கருவிகள் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடுத்தரத் தடிமன் கொண்ட நூலின் உறையில் 5 அல்லது 5.5 மில்லிமீட்டர் ஊசி என்று அச்சிட்டிருக்கும். பொம்மை பின்னுவோர் அதை மதிப்பதில்லை, 3.5 மில்லிமீட்டரை எடுப்பார்கள். ஸ்வெட்டர் வளைய வேண்டும், பேய் விறைப்பாக நிற்க வேண்டும். கண்ணிகள் நெருக்கமாக விழாவிட்டால் உள்ளிருக்கும் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். ஜப்பானில் அமிகுருமி என்று வழங்கும் பொம்மைக் கலை உலகெங்கும் பரப்பிய வழக்கம் இது: இறுக்கமான சிங்கிள் குரோஷா, சுற்று முடிந்த இடம் தெரியாமல் சுருளாக ஏறும் பின்னல். ஓர் எச்சரிக்கை: அமெரிக்கர் சிங்கிள் என்பதைப் பிரிட்டிஷார் டபுள் என்பார்கள். இங்கே பின்பற்றுவது அமெரிக்க வழக்கு. செய்முறை அச்சான நாட்டைப் பார்க்காமல் தொடங்குபவரின் பேய் இருமடங்கு உயரமாகி, இடையிடையே ஓட்டைகளுடன் வெளிவரும்.

இனி வடிவியல். உச்சந்தலையில் மேஜிக் ரிங் எனப்படும் இழுத்தால் மூடும் வளையம். அதில் 6 கண்ணி. அடுத்த சுற்றுகளில் 12, 18, 24, 30. சுற்றுக்கு 6 கூடுவது ஏன் என்பதை உலகின் பெரும்பாலான பின்னல்காரர்கள் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி அது. சிங்கிள் குரோஷாவின் அகலமும் உயரமும் ஏறக்குறைய சமம். ஒவ்வொரு சுற்றும் வட்டத்தின் ஆரத்தை ஒரு கண்ணி உயரம் நீட்டுகிறது. ஆரம் 1 கூடினால் சுற்றளவு 2π, அதாவது 6.28 கூட வேண்டும். ஆகவே தட்டையான வட்டத்துக்குச் சுற்றுக்கு 6.28 கண்ணி சேர்க்க வேண்டும். கால் கண்ணி பின்ன எவராலும் இயலாது, 6 பின்னுகிறார்கள். மிச்சமுள்ள 0.28 எங்கே போகிறது? அது ஒவ்வொரு சுற்றிலும் கடனாக நிற்க, வட்டத்தின் விளிம்பு மெல்ல உள்ளே வளைகிறது. அந்த வளைவே பேயின் மண்டை. தட்டையான உச்சந்தலை கொண்ட பேயை யாரும் விரும்பாததால் இந்தக் கடனை அடைக்கும் முயற்சி இதுவரை நடக்கவில்லை.

6க்குப் பதில் 4 கூட்டினால் வருவது கூம்பு. அதைக் கருப்பு நூலில் பின்னினால் சூனியக்காரி தொப்பி. 6.28க்கு வெகுவாக மேலே போனால் விளிம்பு இடமின்றி அலை அலையாகச் சுருண்டுகொள்ளும். இந்தப் பிழையையே கணிதமாக்கியவர் டைனா டைமினா. லாட்வியாவில் பிறந்த இவர், 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மிகைவளையத் தளத்தின் மாதிரிகளைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். அதுவரை வகுப்பறையில் இருந்தவை எளிதில் கிழியும் காகித மாதிரிகள். அதுபற்றி அவர் எழுதிய நூல், விசித்திரமான தலைப்புக்கென வழங்கும் டயகிராம் பரிசை 2009ஆம் ஆண்டுக்குப் பெற்றது. கண்ணி கூட்டத் தெரியாமல் கூட்டிவிட்ட தொடக்கநிலைப் பின்னல்காரர் எவரும் தம் பேயை மிகைவளையப் பேய் என்று கூறிக்கொள்ளத் தடையில்லை.

கூட்டும் 6 கண்ணிகளை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வட்டம் அறுகோணமாகிவிடும். சுற்றுக்குச் சுற்று இடம் மாற்றிக் கூட்டுவதே தீர்வு. 6 முதல் 14 வரையிலான சுற்றுகளில் கூட்டலும் இல்லை, குறைத்தலும் இல்லை. சுற்றுக்கு 30 வீதம் 270 கண்ணி. இந்தக் கட்டத்தின் இயல்பு சலிப்பு. சுருளில் தொடக்கமும் முடிவும் தெரியாததால் அடையாளக் கொக்கி மாட்டி எண்ண வேண்டும். யாரேனும் பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போய்விடும். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும். வலக்கையால் பின்னுவோரின் கண்ணிகள் ஒவ்வொரு சுற்றிலும் சிறிது வலப்பக்கம் நகரும் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். கண்ணிகளை எண்ணிக் கையைத் தைத்தால் ஒரு கை தோளிலும் மற்றது முதுகிலும் வரக்கூடும். கண்ணால் பார்த்துத் தைப்பது நல்லது.

கண் வைப்பது பின்னலைவிடப் பெரிய பொறுப்பு. பின்புறம் வாஷர் பூட்டும் 8 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கண்கள் கடையில் கிடைக்கும். அழுத்திய வாஷர் திரும்பக் கழலாது. ஆகவே முகம் எது என்பதை அடிப்பகுதியை மூடும் முன் தீர்மானித்துவிட வேண்டும். 8ஆம் சுற்றுக்கும் 9ஆம் சுற்றுக்கும் இடையே, அதாவது நடுவுக்குச் சற்றுக் கீழே, இடைவெளி விட்டுப் பொருத்துவதே பெருவழக்கு. இதன் விளைவை விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943இலேயே விளக்கிவிட்டார்: பெரிய தலை, உயர்ந்த நெற்றி, தாழ்ந்து அமைந்த பெரிய கண்கள் ஆகிய குழந்தை அடையாளங்களைக் கண்டால் மனிதருக்குப் பேணும் உணர்வு எழுகிறது. குரோஷாப் பேய் இவை அனைத்தையும் ஒருங்கே கொண்டது. கண்களை 4ஆம் சுற்றுக்கு ஏற்றினால் அச்சம் ஓரளவு திரும்பும். ஆனால் அப்படிச் செய்பவர் அரிது. 3 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் பிளாஸ்டிக் கண் கூடாது, வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். கருப்பு நூலால் தைத்த கண்ணே அங்கு உகந்தது.

அடிப்பகுதி தனி வட்டம்: மீண்டும் 6 முதல் 30 வரை, மொத்தம் 90 கண்ணி. இதையும் உடலையும் சேர்த்து 30 கண்ணிகளால் இணைக்கும்போது, கடைசிச் சிறு திறப்பு வழியே பாலியெஸ்டர் பஞ்சைத் திணிக்க வேண்டும். எவ்வளவு என்பதில் இரு கட்சி. நிறையத் திணித்தால் கண்ணிகள் விரிந்து பஞ்சு தெரியும்; குறைத்தால் அக்டோபர் நடுவிலேயே தலை தொங்கும். நிறத்தால் பேய்க்கு இங்கே ஒரு வசதி உண்டு. கருப்பு வௌவாலில் அப்பட்டமாகத் தெரியும் வெள்ளைப் பஞ்சு, வெள்ளைப் பேயில் கண்ணுக்குப் படாது. புதிதாகக் கற்பவருக்கு வௌவாலுக்கு முன் பேயைக் கொடுப்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை. இணைப்பு முடிந்தபின் விளிம்பில் 2 கண்ணி விட்டு, அடுத்ததில் 5 டபுள் குரோஷா, மறுபடி 2 விட்டு, ஒரு சிங்கிள் என்று சுற்றிவந்தால் 30க்கு 5 விசிறிகள் அமையும்; போர்வையின் தொங்கல் அதுதான். 5 கண்ணியில் தொடங்கி 4 சுற்று நீளும் இரு கைகளுக்கு 40. கணக்கு 550இல் நேராகிறது.

நவம்பரில் பெட்டிக்குள் போகும் அக்ரிலிக் பேய்க்கு இயற்கைப் பகை என்று பெரிதாக எதுவும் இல்லை. சட்டப்படியான கம்பளிப் பேய்க்கு உண்டு: துணி அந்துப்பூச்சி. பூச்சி வெறும் வாயில்லாப் பூச்சி, தின்பது அதன் புழு. கம்பளியிலுள்ள கெரட்டினே அதன் உணவு. அரிப்பு தென்பட்டால் பேயைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் போகாமல் கட்டி, −18 டிகிரியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் உறைவிப்பானில் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறையின் வெப்பநிலைக்கு வந்தபின் பிரித்தால்தான் கம்பளிமேல் நீர் கோக்காது.