கலந்தாய்வு அளவையியல்

இலக்கண நூலார் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். பிளஸ் டூ முடிவு வெளியாகும் நாளில் தொடங்கி, முதலாண்டு மாணவர் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி வீட்டுக்கு முதல் புகார் சொல்லும் நாள் வரை நீளும் ஏழாவது பொழுது ஒன்று இருப்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. இப்பொழுதுக்குரிய ஒழுக்கம் கல்லூரி தேடல். கருப்பொருள்களாவன: நகல் எடுத்த சாதிச் சான்றிதழ், போன ஆண்டுக் கட்-ஆஃப் பட்டியல், பிரவுசிங் சென்டர், பெரியப்பா. இவற்றுள் முதல் மூன்றைப் பற்றி அரசு அலுவலகங்களில் விவரம் கேட்டுப் பெறலாம். நான்காவதைப் பற்றி எழுதுவார் இல்லை. அக்குறையை இயன்ற அளவு நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வேடு என்றால் யாரும் படிக்காத வரலாற்றுப் பகுதி ஒன்று இருந்தாக வேண்டும், அது இதோ. 1794இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. கல்லூரி ஒன்றே இருந்த காலத்தில் ‘எந்தக் கல்லூரி?’ என்ற கேள்விக்கு இடமில்லை. 1980களில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது, கேள்வியும் பிறந்தது. 1984இல் வந்த நுழைவுத் தேர்வு 2007இல் ஒழிந்தது. இவை எல்லாவற்றையும் விடப் பெரிய திருப்பம், பொறியியல் இடங்களை ஒதுக்கும் கலந்தாய்வு 2018இல் இணையத்துக்கு மாறியதுதான். அதுவரை மாணவரும் பெற்றோரும் நேரில் வந்து, திரையில் மீதமிருக்கும் இடங்களைப் பார்த்து, சில நிமிடங்களுக்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரியப்பா உடன் வந்திருந்தாலும் வெளியே மரத்தடியில்தான். இணையவழி வந்ததும் கலந்தாய்வு அரங்கே வீட்டுக்குள் வந்துவிட்டது. சில நிமிடம் சில நாளாயிற்று. மரத்தடியில் நின்றவர் நாற்காலியில் அமர்ந்தார். கல்வி வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

இனி முறை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் பாதியாக்கி 50, 50. ஆக 200க்குக் கட்-ஆஃப். இருவர் சமமாக நின்றால் முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று படிப்படியாக இறங்கி, பிறந்த தேதி பார்த்து மூத்தவரை முன்னே விடுவார்கள். அதிலும் சமமானால் கணினி வழங்கிய பத்து இலக்கச் சமவாய்ப்பு எண் தீர்த்துவைக்கும். அவ்வெண்ணைக் கூட்டிப் பார்த்து எட்டு வருகிறதே என்று கவலைப்படும் தாய்மாரும் உளர். தரவரிசை வந்தபின் மாணவர் விருப்பப் பட்டியல் தர வேண்டும். கல்லூரி எண்ணும் பாடப்பிரிவும் சேர்ந்தது ஒரு விருப்பம். 1 என்றால் கிண்டி, 4 என்றால் குரோம்பேட்டை எம்.ஐ.டி., 2006 என்றால் கோவை பி.எஸ்.ஜி. டெக். கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து படித்து, அவருக்குரிய ஒதுக்கீட்டில் இடம் மீதமுள்ள முதல் விருப்பத்தைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விடும்.

இதிலிருந்து பெறப்படுவது யாதெனின், கிடைக்காது என்று தோன்றுவதைப் பட்டியலின் உச்சியில் வைப்பதால் ஒரு நட்டமும் இல்லை. ‘எதுக்குடா ரிஸ்க், கிடைக்கிறதை மேல போடு’ என்பதால்தான் நட்டம். கணினி அதைக் கொடுத்துவிடும், பிறகு கேட்காது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு இன்னும் மேலானது வந்தால் போகிறேன் என்று காத்திருக்கும் ‘அப்வர்ட்’ வசதியும் பட்டியலில் மேலே உள்ளதைத்தான் பார்க்கும், கீழே உள்ளதைத் திரும்பிப் பார்க்காது. இத்துறையின் மூல நூல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962இல் எழுதிய சிறு கட்டுரை. கல்லூரிச் சேர்க்கையையும் திருமணம் நிலைப்பதையும் ஒரே தலைப்பில் சேர்த்துவிட்டார்கள். ஐம்பது ஆண்டு கழித்து, 2012இல், ஷாப்லிக்கு ஆல்வின் ராத்துடன் பொருளாதார நோபல் கிடைத்தது. இரண்டும் ஒரே படலம்தான் என்று காலங்காலமாகச் சொல்லிவரும் நம் ஊர்த் தரகர்களுக்குக் கமிஷனோடு சரி.

முறை கேட்பது ஒரே ஒரு பட்டியல். வீட்டில் அது ஒன்றாக இருப்பதில்லை என்பதே நம் ஆய்வுப் பொருள். ஆளுக்கொரு பட்டியல் எங்கிருந்து வருகிறது எனின், அளவைகளிலிருந்து. அறிவு பெறும் வழிகளைச் சிவஞான சித்தியார் காண்டல், கருதல், உரை தொடங்கிப் பத்து வரை எண்ணி, பத்தையும் அம்மூன்றில் அடக்கிக் காட்டும். கலந்தாய்வுக் குடும்பம் ஒன்று தவிர மற்றவை எல்லாவற்றையும் கையாளும், எதையும் அடக்காது.

காண்டலாவது, ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் எடுத்துக் கல்லூரியை நேரில் போய்ப் பார்ப்பது. காணப்படுவன: முகப்பு வளைவின் உயரம், நிறுத்தியிருக்கும் பேருந்துகள், புல்வெளி, பிள்ளையார் கோயில். ஆய்வகம் பூட்டியிருக்கும்; சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருப்பார். இருந்தாலும் இவ்வளவையை முற்றும் இகழ்வதற்கில்லை. எம்.ஐ.டி.யில் காட்சிக்கு வைத்திருந்த பழைய விமானங்கள் இரண்டைப் பார்த்துப் பார்த்துத்தான் வானூர்திப் பொறியியலை எடுத்ததாக அப்துல் கலாம் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் அவற்றைப் பார்த்தது கல்லூரியில் சேர்ந்த பிறகு. வாசலில் வளைவு இருந்ததா என்பது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கருதலாவது, ஊகித்து அறிதல். கட்-ஆஃப் உயர்ந்திருக்கிறது, ஆகவே நல்ல கல்லூரி. நல்ல கல்லூரி, ஆகவே எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள். எல்லோரும் முதலில் எடுப்பதால் கட்-ஆஃப் உயர்கிறது. புகையைக் கண்டு நெருப்பை உணர்வது முன்னோர் காட்டிய அனுமானம். இங்கே புகையே புகையை மூட்டிக்கொள்கிறது.

ஒப்பளவைக்குச் சுந்தர் பிச்சை ஒருவரே போதும். அவர் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தது உலோகவியல் பொறியியல். ‘பார்த்தியா, காலேஜ் பேர்தான் முக்கியம், பிரிவு என்னவா இருந்தா என்ன?’ என்பார் தந்தை. ‘பார்த்தீங்களா, எதைப் படிச்சாலும் கடைசியில சாஃப்ட்வேர்தான், அதுக்கு நேரா கம்ப்யூட்டர் சயின்ஸே எடுத்துடலாமே’ என்பான் மகன். ஒரே சான்று இரு தரப்பையும் நிறுவுவது தருக்க நூலில் குற்றம். கூடத்தில் அது குணம்.

அபாவம் என்பது இல்லாமையைக் கொண்டு அறிவது. பத்து அளவைகளுள் உண்மையிலேயே பயன்படக்கூடியது இதுதான் என்பது என் துணிபு. இதைத்தான் யாரும் கையாள்வதில்லை. நெடுஞ்சாலையோரப் பிளெக்ஸில் கழுத்தில் டையோடு ஒரு மாணவர் நிற்கிறார், தலைக்கு மேல் அவருடைய ஆண்டுச் சம்பளம். அங்கே இல்லாதது இடைநிலைச் சம்பளம். அதாவது வேலை பெற்றோரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்பவர் வாங்குவது. 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் அளிக்கும் விவரங்களில் அந்த எண் இருக்கிறது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதோடு. தேடினால் எடுத்துவிடலாம். தேடாததற்குக் காரணம் சோம்பல் அன்று. உச்சச் சம்பளம் ஒரே ஒரு பிள்ளையுடையது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு பிள்ளை நம் பிள்ளைதான் என்றும் தெரியும். நடுவில் நிற்கப்போகிறவன் எப்போதும் எதிர்வீட்டுக்காரன். ‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ என்பதிலும் நூற்றுக்குக் கீழே இருக்க வேண்டிய எண் இல்லை. அரியர் இல்லாதவரில் நூறா, வேலை வேண்டும் என்று பதிந்தவரில் நூறா, சேர்ந்தவர் அனைவரிலுமா? இதைக் கேட்பவரைப் புல்வெளி வழியாகக் கேன்டீனுக்கு அழைத்துப்போவது மரபு.

உரையளவைக்கு நம்பத்தக்க ஒருவர் சொல்லியிருக்க வேண்டும் என்பது விதி. நம்பத்தக்கவர் யார் என்பதில்தான் சிக்கல். பெரியப்பா 1993இல் டிப்ளமா முடித்தவர். ஒவ்வொரு கல்லூரியையும் அது 1993இல் இருந்தபடி அறிவார். எதிர்வீட்டு அண்ணன் இரண்டாமாண்டு படிக்கிறார். தம் கல்லூரியைத் தவிர எல்லாக் கல்லூரியும் நல்லது என்பார். ‘உங்க பையன் மார்க்குக்கு இதுதான் சார் பெஸ்ட்’ என்று கன்சல்டன்சிக்காரர் சொல்லும் கல்லூரி, யாருடைய பையன் என்ன மார்க் வாங்கியிருந்தாலும் மாறாதது. பிரவுசிங் சென்டர்க்காரர் ஒருவரே கருத்துச் சொல்வதில்லை. அவருக்குப் பின்னால் வரிசை நிற்கிறது.

உரையிலிருந்து கிளைப்பது ஐதிகம்: யார் சொன்னார் என்று தெரியாமல் ஊர் சொல்வது. இதற்கு மணிமேகலை காட்டும் எடுத்துக்காட்டு, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று உலகோர் சொல்வதைக் கேட்டுத் தெளிவது. நூற்றாண்டுகள் பல கடந்தும் பேய் அதே மரத்தில் இருக்கிறது. ஆண்டுக்கொரு கிளை மாறுகிறது, அவ்வளவே. சில காலம் அது சிவிலில் இருந்தது: ‘சிவிலுக்கு வேலையே இல்லை.’ சொல்பவர் கட்டி முடியாத தம் வீட்டு மாடியில், இன்ஜினியர் போனை எடுக்கவில்லை என்று திட்டிக்கொண்டே இதைச் சொல்வார். பிறகு மெக்கானிக்கலுக்குத் தாவியது: ‘பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு?’ இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ் பக்கம் அதன் கால் தெரிவதாகச் சொல்கிறார்கள், எல்லாவற்றையும் ஏ.ஐ. பார்த்துக்கொள்ளுமாம். அதற்குப் பரிகாரமாக அதே ஏ.ஐ.யின் பெயரில் ஒரு பாடப்பிரிவு வந்து, இடங்களும் நிரம்பிவிட்டன. ‘ஆட்டானமஸ்னா அவங்களே பாஸ் போட்டுடுவாங்க’ என்பது இன்னொரு பேய். தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுத்துத் தேர்வையும் தானே நடத்தும், பட்டம் பல்கலைக்கழகம்தான் தரும் என்று விளக்கினால், ‘அதைத்தானே நானும் சொல்றேன்’ என்பார்கள். எனவே,

கண்டோர் சிலரே கருதினோர் பலரே
கண்டோர் என்போரும் கேட்டோர் தாமே

என்பது நம் நூற்பா. ஈற்று ஏகாரம் தேற்றம்.

அற்றேல், இத்தனை அளவையும் முடிந்தபின் வாக்கெடுத்துத் தீர்க்கலாமே எனின், அஃதாகாது. கொந்தோர்செ என்ற பிரெஞ்சு அறிஞர் 1785இலேயே இதை ஆராய்ந்திருக்கிறார். ஒரு வீட்டில் மூன்று விருப்பங்கள் என்று கொள்வோம்: சென்னையில் பெயர்பெற்ற கல்லூரியில் சிவில், கோவையில் நடுத்தரக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், பக்கத்து ஊர்க் கல்லூரியில் ஈ.சி.இ. தந்தைக்குக் கல்லூரிப் பெயர் முக்கியம்: சென்னை, கோவை, பக்கத்து ஊர். தாய்க்குப் பிள்ளை ராத்திரி வீட்டில் சாப்பிட வேண்டும், அது இயலாவிட்டால் சித்தி வீடு உள்ள சென்னை, கோவை கடைசி. மகனுக்குக் கம்ப்யூட்டர் முதலில், சிவில் கடைசியில். வாக்கெடுங்கள். சென்னையா கோவையா என்றால் தந்தையும் தாயும் சேர்ந்து சென்னை வெல்லும். கோவையா பக்கத்து ஊரா என்றால் தந்தையும் மகனும் சேர்ந்து கோவை வெல்லும். அப்படியானால் பக்கத்து ஊரைச் சென்னை எளிதில் வெல்ல வேண்டுமல்லவா? தாயும் மகனும் சேர்ந்து பக்கத்து ஊரை ஜெயிக்கவைத்துவிடுவார்கள். மூவரும் தெளிவாகவே இருக்கிறார்கள். குடும்பம் மட்டும் வட்டமாகச் சுற்றுகிறது. இந்நிலையில் நான்காம் வாக்குக்குப் பெரியப்பாவை அழைத்தால், அவர் தமக்குத் தாளாளரைத் தெரிந்த வேறொரு கல்லூரியின் பெயரைச் சொல்வார். கொந்தோர்செ இதை எதிர்பார்க்கவில்லை.

பிறகு எப்படித்தான் பட்டியல் முடிவாகிறது? இவ்விடத்தில் கோட்பாட்டை விட்டுக் கள ஆய்வுக்கு வந்தாக வேண்டும். பட்டியலைப் பூட்டுவதற்குரிய ஓ.டி.பி., பதிவு செய்யும்போது கொடுத்த கைபேசி எண்ணுக்கு வரும். பெரும்பாலான வீடுகளில் அது தந்தையின் எண். கெடு முடியும் நாள் மாலையில் தந்தை கடையிலோ டிப்போவிலோ பேங்க் கவுன்ட்டரிலோ இருப்பார். மகன் பிரவுசிங் சென்டரில் இருப்பான். 

“அப்பா, ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்கப்பா.”

“எதுக்குடா?”

“காலேஜுக்குத்தான்பா.”

அப்பா எண்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார், மகன் சரிபார்ப்பதற்காக ஒருமுறை திருப்பிச் சொல்கிறான். எந்த வரிசையில் போட்டிருக்கிறாய் என்று அந்த நேரத்தில் கேட்ட தந்தையை இவ்வாய்வாளன் இதுவரை சந்தித்ததில்லை.