ரேடியோவை எங்கே சொருகுவது?

கே: சின்ன விமானத்தின் பேனலில் எந்தக் கருவி எங்கே என்று விதி இருக்கிறதா, அவரவர் இஷ்டமா?

ப: நான்கு கருவிகளுக்கு விதி, மற்றவற்றுக்கு இஷ்டம். நடுவில் செயற்கைத் தொடுவானம். அதற்கு இடப்பக்கம் வேகமானி, வலப்பக்கம் உயரமானி, நேர் கீழே திசை காட்டும் கைரோ. ஆங்கில 'டி' எழுத்து வடிவம். செஸ்னாவில் கற்றவர் பைப்பரில் ஏறினாலும் கண் தானாகப் போய் உட்காரும். இந்த நான்கில் புதுமை செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து வீட்டு ஹாலில் செய்து பார்க்கவும்.

கே: வேகம்தானே உயிர்? அதை விட்டுவிட்டுத் தொடுவானத்துக்கு ஏன் நடு நாற்காலி?

ப: மேகத்துக்குள் நுழைந்ததும் உடம்பு பொய்சாட்சி சொல்ல ஆரம்பிக்கும். சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் உள்காது அடங்கிப்போய், 'நேராகத்தான் போகிறோம்' என்று சத்தியம் செய்யும். உண்மை சொல்ல அங்கே ஒரே ஆள் அந்தத் தொடுவானம். கண் மற்ற டயல்களுக்குப் போய்விட்டுத் திரும்பத் திரும்ப வருவதும் அங்கேதான். நீதிபதியை ஓரத்தில் உட்கார வைப்பார்களா?

கே: கருவிகளை மட்டும் நம்பி முதலில் பறந்த மகாராசன் யார்?

ப: ஜிம்மி டூலிட்டில். 1929 செப்டம்பர் 24, நியூயார்க் மிட்செல் ஃபீல்ட். காக்பிட்டை மூடிக்கொண்டு, வெளியே எதையும் பார்க்காமல் கிளம்பி, சுற்றி, இறங்கினார். கோல்ஸ்மனின் உயரமானி, ஸ்பெர்ரியின் தொடுவானமும் கைரோவும் துணை. முன் இருக்கையில் பென் கெல்சி என்ற இன்னொரு விமானி, ஆபத்து வந்தால் காப்பாற்ற. வரவில்லை. கெல்சி கை இரண்டையும் எல்லாரும் பார்க்க வெளியே வைத்துக்கொண்டே பயணம் செய்தார். தேவைப்படாத நேரத்தில் கையை எடுத்து வைப்பதும் பெரிய வித்தைதான்.

கே: பிரிட்டிஷ்காரர்கள் என்ன செய்தார்கள்?

ப: 1937 வாக்கில் ஆறு கருவிகளை ஒரே தகட்டில் பூட்டி, 'இதுதான், பேச்சே இல்லை' என்றார்கள். ஸ்பிட்ஃபயரிலும் அதே ஆறு, லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்திலும் அதே ஆறு, அதே இடம். ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பையன் கண்ணை மறுபடி பழக்க வேண்டாம். போர்க்காலத்தில் அந்த நேரம் மிச்சமானது எத்தனை பெரிய விஷயம்!

கே: நான் வாங்கப்போகும் 1950-களின் விமானத்தில் டயல்கள் ஆளுக்கொரு மூலையில் கிடக்கின்றன. மாற்றலாமா?

ப: அந்தக் காலத்து அமெரிக்கச் சிறு விமானங்கள் பலவற்றில் அப்படித்தான். 'ஷாட்கன் பேனல்' என்றே பெயர். மாற்றலாம். பெரிய கருவிகளின் ஓட்டை பொதுவாக 3⅛ அங்குலம், சின்னவை 2¼ அங்குலம். முன்பக்கம் பார்த்தால் இடம் மாற்றுவது சுலபம் என்று தோன்றும்.

பின்பக்கம் தலையை நுழைத்துப் பாருங்கள். யோக்கின் குழாய், குறுக்குச் சட்டம், ஹீட்டர் ஹோஸ், முப்பது வருஷம் முன் யாரோ கட்டிவிட்டுப் போன வயர் மூட்டை எல்லாம் அங்கேதான் குடியிருக்கின்றன. ஓட்டை போடுமுன் யோக்கை முழுக்க இழுத்து, முழுக்கத் தள்ளி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்க வேண்டும். கருவியின் பின்புறத்தில் உரசும் யோக், தரையில் எரிச்சல். இறங்கும்போது எமன்.

கே: ரேடியோக்களை எந்த வரிசையில் அடுக்குவது?

ப: சமையலறை அலமாரிதான். உப்பு கைக்கெட்டும் இடத்தில், ஜவ்வரிசி எங்கேயோ. மேலே ஆடியோ பேனல். அதன் கீழே ஜிபிஎஸ்ஸும் முதல் ரேடியோவும். அடுத்து இரண்டாவது ரேடியோ. ஒருமுறை எண்ணைத் திருகிவிட்டு மறந்துவிடும் டிரான்ஸ்பாண்டர் அடியில். அலைவரிசையை விமானி நிமிஷத்துக்கொரு முறை மாற்றுவார். அந்தக் குமிழ் கண்மட்டத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

கே: முழங்கால் பக்கம் நிறைய இடம் சும்மா கிடக்கிறது. இரண்டாவது ரேடியோவை அங்கே வைத்தால் என்ன?

ப: மேகத்துக்குள் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள். 'அலைவரிசை மாற்று' என்கிறது கட்டுப்பாட்டு அறை. தலையைச் சட்டென்று கீழே குனிந்து வலப்பக்கம் திருப்புகிறீர்கள். உள்காதில் அடங்கியிருந்த ஒரு வளையம் விழிக்கும், சும்மா இருந்த இன்னொன்று சுழலும். விமானம் குட்டிக்கரணம் அடிப்பதாகவே தோன்றும். அடிக்காத கரணத்தைத் திருத்தப்போய் நிஜக் கரணம் போட்டவர்கள் உண்டு. முழங்கால் பக்கம் ஹீட்டர் குமிழை வையுங்கள், செல்போன் சார்ஜரை வையுங்கள். ரேடியோ வேண்டாம்.

கே: சொந்தமாக விமானம் கட்டுகிறேன். காக்பிட்டுக்குள் பெட்ரோல் குழாயே வேண்டாம், டேங்க் மாற்றும் வால்வை இருக்கைக்குப் பின்னால் தள்ளிவிடு என்கிறார் நண்பர். நல்ல யோசனையாகப் படுகிறது.

ப: நண்பரை உட்கார வைத்து ஜான் டென்வர் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற பாடகர், அனுபவமுள்ள விமானியும்கூட. 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவில், மான்ட்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். விமானம் பர்ட் ரூட்டன் வடிவமைத்த லாங்-ஈஸி.

ரூட்டனின் வரைபடத்தில் வால்வு விமானியின் கால்களுக்கு நடுவே, கை போகிற இடத்தில். அந்த விமானத்தைக் கட்டியவரோ உங்கள் நண்பர் சொன்ன அதே காரணத்துக்காக அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோனார். நோக்கம் நல்லதுதான்.

கைப்பிடியில் எழுத்து கிடையாது. மேலே திருப்பினால் மூடும். கீழே திருப்பினால் வலது டேங்க். வலப்பக்கம் திருப்பினால் இடது டேங்க்! எரிபொருள் அளவு காட்டும் கண்ணாடிக் குழாய்களும் முதுகுக்குப் பின்னால். கிளம்புமுன் மெக்கானிக்கும் டென்வரும் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். கைப்பிடியில் குறடு மாட்டி நீளம் கூட்டிப் பார்த்தார்கள், எட்டவில்லை. பின்னால் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடியைக் கொடுத்தார் மெக்கானிக். எரிபொருள் போடலாமா என்றதற்கு, ஒரு மணி நேரம்தானே பறக்கப்போகிறேன், வேண்டாம் என்றார் டென்வர்.

டேங்க் மாற்ற வேண்டுமானால் ஸ்டிக்கை விட்டு, தோள்பட்டை பெல்ட்டைத் தளர்த்தி, உடம்பை முறுக்கித் திரும்ப வேண்டும். நீங்களே நாற்காலியில் உட்கார்ந்து செய்து பாருங்கள். இடது தோளுக்குப் பின்னால் எட்டும்போது வலது கால் தானாகத் தரையை உந்தும். விமானத்தில் அந்தக் காலுக்கு அடியில் இருப்பது ரட்டர் பெடல். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவில் அந்த உந்தலையும் எழுதியது, எட்டாத, எழுத்தில்லாத வால்வையும் எழுதியது.

வால்வு முன்னால் இருக்கட்டும் சார். குழாயை நல்ல உலோகத்தில் போட்டு, கசிவைச் சோதியுங்கள். கசிவு தேட ஆயிரம் வழி இருக்கிறது. முதுகில் கண் வைக்க ஒரு வழியும் இல்லை.

கே: சக்கர லீவர் நுனியில் குட்டிச் சக்கரம் எதற்கு? பொம்மை மாதிரி இருக்கிறதே.

ப: அந்தப் பொம்மை பல லட்சம் டாலர் மிச்சம் பிடித்தது. இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானங்கள் பத்திரமாக இறங்கி, ஓடுபாதையிலேயே வயிற்றில் உட்கார்ந்தன. ஃப்ளாப்பை மடக்கப்போன விமானி சக்கரத்தை மடக்கிவிட்டார். இரண்டு சுவிட்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அச்சு. அல்ஃபோன்ஸ் சாப்பனிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானிகளைத் திட்டவில்லை. ஒன்றில் சக்கர வடிவம், இன்னொன்றில் ஃப்ளாப் வடிவம் ஒட்டினார். தொட்டாலே தெரிந்தது. இன்றும் அமெரிக்க விதி அதையே கேட்கிறது. நீங்களும் ஒட்டுங்கள்.

கே: 'விமானியின் தவறு' என்று அறிக்கை எழுதுகிறார்களே, அது எவ்வளவு நிஜம்?

ப: பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் 1947-இல் இதைத்தான் துருவினார்கள். இயக்குவதில் நடந்த 460 தவறுகள், டயலைப் படிப்பதில் நடந்த 270 தவறுகள். திரும்பத் திரும்ப அகப்பட்டது ஒரே மாதிரிக் கதை: மூன்று முள் உயரமானியில் ஆயிரத்தைத் தப்பாகப் படித்தது, பக்கத்து லீவரை இழுத்தது. ஒரே குழியில் பத்துப் பேர் விழுந்தால் பத்துப் பேருக்கும் கண்ணாடி மாட்டுவதா, குழியை மூடுவதா?

கே: குறிப்பிட்ட ஒரு அலைவரிசையில் பேசும்போது மட்டும் என் ஜிபிஎஸ் கண்ணை மூடிக்கொள்கிறது. பேய் பிடித்திருக்கிறதா?

ப: பேய்க்கு நம்பர் இருக்கிறது: 121.175. பதின்மூன்றால் பெருக்குங்கள். 1575.275 வரும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் பேசுவது 1575.42 மெகாஹெர்ட்ஸில். உங்கள் ரேடியோ தெளிவாகக் கத்தவில்லை, மடங்குகளிலும் கத்துகிறது. 131.275-ஐப் பன்னிரண்டால் பெருக்கினாலும் அதே வீட்டு வாசல். இரண்டு ஆன்டெனாவையும் தள்ளி வையுங்கள், இணைப்புகளைச் சரிபாருங்கள். புது ஜிபிஎஸ் பொருத்தியவுடன் இந்த எண்களில் பேசிப் பார்ப்பது நல்ல கடைக்காரரின் அடையாளம்.

கே: எஞ்சின் வேகம் ஏற ஏற ஹெட்செட்டில் ஒரு விசில்.

ப: ஆல்டர்னேட்டர் பாடுகிறது. ஹெட்செட் ஜாக்குகள் அலுமினியத் தகட்டைத் தொடாதபடி இன்சுலேட்டிங் வாஷர் போட்டு, ஆடியோ கிரவுண்ட் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் சேருங்கள். பெரும்பாலும் கச்சேரி முடிந்துவிடும்.

கே: காந்தத் திசைகாட்டியை மட்டும் ஏன் கண்ணாடி உச்சியில் தனியாகத் தொங்க விடுகிறார்கள்?

ப: சகவாசம் கெட்டுவிடும் என்று. ஸ்பீக்கர் காந்தம், இரும்பு ஸ்க்ரூ, மின்சார வயர் எதுவும் அதற்கு ஆகாது. ஸ்க்ரூகூடப் பித்தளை. ரேடியோ மாற்றிய பிறகு எஞ்சினையும் ரேடியோக்களையும் ஓடவிட்டு, திசை திசையாக விமானத்தைத் திருப்பி, பிழை அட்டையை மறுபடி எழுத வேண்டும். பழைய அட்டையை அப்படியே ஒட்டி வைத்திருப்பவரின் விமானத்தில் நான் ஏறமாட்டேன்.

கே: ரேடியோக்களை இடைவெளி இல்லாமல் நெருக்கி அடுக்கலாமா?

ப: ரேடியோவுக்கு எமன் சூடு. உள்ளே மின்சாரம், மேலே கண்ணாடி வழியாக வெயில். ஒரு சின்ன விசிறியும் குழாயும் வையுங்கள். ஒரு ரேடியோ ரிப்பேர் பில்லைவிட விசிறி எப்போதும் மலிவு.

கே: எஞ்சின் டயல்கள் ஆறு. ஒவ்வொன்றாகப் படிக்க நேரமில்லை.

ப: படிக்காதீர்கள். எல்லாம் நலமாக இருக்கும்போது முட்கள் ஒரே திசையைக் காட்டும்படி ஒவ்வொரு டயலையும் சுழற்றி மாட்டுங்கள். பந்தய விமானங்களில் செய்த வேலை இது. ஒன்று மட்டும் அணிவகுப்பில் தப்பி நின்றால் ஓரக்கண்ணிலேயே அகப்படும்.

கே: இரண்டு பெரிய திரை வந்துவிட்டது. இனி உருண்டை டயல் எதற்கு?

ப: திரை அருமையான பொருள், நான் எதிரி இல்லை. ஆனால் டென்வர் விபத்தை விசாரித்த அதே அமெரிக்க வாரியம் 2010-இல், திரை வைத்த சிறு விமானங்களையும் டயல் வைத்தவற்றையும் ஒப்பிட்டது. திரைக்காரர்களுக்கு மொத்த விபத்து விகிதம் குறைவு, உயிர்ப்பலி விகிதம் அதிகம். அவர்கள் தூரம் அதிகம் போகிறார்கள், மோசமான வானிலையில் பறக்கிறார்கள் என்பதும் அதில் கலந்திருக்கிறது. பயிற்சி போதவில்லை என்பதையும் வாரியம் சொன்னது.

பழைய பேனலில் தொடுவானத்தை உறிஞ்சு காற்று ஓட்டும், திருப்பம் காட்டும் கருவியை மின்சாரம் ஓட்டும். ஒன்று படுத்தால் மற்றது நிற்கும். திரையிலும் அந்தப் புத்தியை விடாதீர்கள். தன் சொந்த பேட்டரியோடு ஒரு சின்னத் தொடுவானம், கண்ணுக்கு நேரே, திரைக்குப் பக்கத்தில். பயணி முழங்காலுக்கு முன்னால் மாட்டிவிட்டு 'பேக்கப் இருக்கிறது' என்று சொல்லிக்கொள்வது வேண்டாம்.

கே: வலப்பக்கம் பேனலில் என் மனைவி கைப்பெட்டிக்கு இடம் கேட்கிறார். எனக்கோ இன்னொரு ரேடியோ.

ப: பெட்டியைக் கொடுங்கள். அதற்குள் டார்ச், வரைபடம், பேட்டரியில் ஓடும் கையடக்க ரேடியோ வையுங்கள். மின்சாரம் மொத்தமாகப் போன அன்று மூன்றாவது ரேடியோ பேசாது. மனைவியின் பெட்டி பேசும்.

கே: தகட்டை வெட்டுமுன் செலவில்லாமல் சோதிக்க முடியுமா?

ப: முடியும், செய்தே ஆக வேண்டும். தடித்த அட்டையை அதே அளவில் வெட்டுங்கள். கருவிகளின் படங்களை நிஜ அளவில் அச்சிட்டு ஊசியில் குத்துங்கள். விமானத்துக்குள் மாட்டி, பெல்ட்டை இறுக்கிக்கொண்டு உட்காருங்கள். யாராவது 'ரேடியோ', 'பெட்ரோல்', 'மாஸ்டர் சுவிட்ச்', 'பிரேக்கர்' என்று கத்தட்டும், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தொடுங்கள். தடவித் தேடிய ஒவ்வொன்றையும் பிடுங்கி வேறு இடத்தில் குத்துங்கள். ஒரு வாரம் இப்படியே. அட்டை கிழிந்தால் அட்டை மாற்றலாம்.

கே: எல்லாம் பொருத்தியாயிற்று. ஒரு 3⅛ அங்குல ஓட்டை மிச்சம். என்ன வைக்கலாம்?

ப: ஒரு வெறும் மூடி, நாலு ஸ்க்ரூ. அடுத்த வருஷம் நிச்சயம் ஏதாவது வாங்கி வருவீர்கள்.