இரட்டைக்கிளவியும் இன்ஜினும்: பழைய மாருதி 800ஐ முன்வைத்து ஓர் இலக்கண ஆய்வு

பாயிரம்

தமிழுக்கு இலக்கணம் ஐந்து. 19ஆம் நூற்றாண்டில் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் புலமை இலக்கணத்தைச் சேர்த்து ஆறாக்கினார். அதோடு நிற்காமல் ‘ஏழாம் இலக்கணம்’ என்றே ஒரு நூலும் செய்தார். ஆகவே எனக்கு மிஞ்சியது எட்டாவது இடம். அதில் பழைய காரின் இன்ஜினை உட்கார வைக்கிறேன்.

ஆய்வுப் பொருள், என் வாசலில் நிற்கும் மாருதி 800. 1983 டிசம்பரில் இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்துத் தொடங்கி வைத்த குலம். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். என்னுடையது கார்புரேட்டர் காலத்தது. முதல் 15 ஆண்டுப் பதிவு முடிந்து, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து உயிர் வாழ்கிறது. வீட்டார் இதை ‘சனியன்’ என்பர். அது இடுகுறிப்பெயர் என்பது என் துணிபு. காரணப்பெயர் என்பது அவர்கள் துணிபு.

1. ஒலியியல்

இரட்டைக்கிளவி இரட்டித்தே வரும்; பிரித்தால் பொருள் தராது. கோளாறு வந்த இன்ஜின் பேசுவது முழுக்க முழுக்க இந்த மொழியே. ஆனால் ஒலியை மட்டும் கேட்டு நோயைச் சொல்ல முடியாது. என்னை காரணம் எனின், ஒரே ‘கடகட’ பத்து இடத்திலிருந்து வரும். இங்கேதான் அகப்பொருள் இலக்கணம் கைகொடுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றார்கள் முன்னோர். சத்தம் எங்கே, எப்பொழுது என்று கேட்டால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

கீச்கீச்: நிலம், முன்பக்கம். பொழுது, வைகறை, அல்லது ஏ.சி. போட்ட கணம். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும், தேய்ந்திருக்கும். செலவு குறைவு, சத்தம் அதிகம்.

டிக்டிக்: நிலம், இன்ஜினின் தலைப்பகுதி. ஆக்சிலரேட்டரை மிதித்தால் தாளமும் வேகமெடுக்கும். டேப்பட் இடைவெளி கூடிவிட்டது. முதலில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். ஆயில் குறைந்தாலும் இதே பாட்டுத்தான்.

கிணுகிணு: மேம்பாலம் ஏறும்போது, டாப் கியரில் மட்டும். கியரைக் குறைத்ததும் நின்றுவிட்டால், குற்றம் வண்டியுடையது அன்று, ஓட்டுநருடையது. குறைத்தும் நிற்காவிட்டால் டைமிங் பார்க்க வேண்டும்.

கடகட: ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது மட்டும். இதை இன்ஜின் சத்தம் என்று நம்பி இன்ஜினைத் திறந்தவர்கள் உண்டு. இது முன்சக்கர ஆக்ஸில் ஜாயின்ட். இலக்கணத்தில் இதைத் திணைமயக்கம் எனலாம்.

டொக்டொக்: நிலம், இன்ஜினின் அடிவயிறு. கனமாக, பாரம் ஏற ஏற உரக்கக் கேட்கும். கனெக்டிங் ராடு பேரிங் போகிறது. ‘வீடு வரைக்கும் போய்விடுவோம்’ என்று நினைக்காமல் அங்கேயே நிறுத்திக் கட்டி இழுத்துப் போக வேண்டும்.

இறுதியாக ஒரு புறனடை. ‘டமார்’ என ஒற்றையாக ஒலித்தால் அது இரட்டைக்கிளவி ஆகாது. அத்துடன் ஆய்வு முடிந்தது. பெரும்பாலும் ஆய்வுப் பொருளும் முடிந்தது.

2. கருப்பொருள்: புகையும் கறையும்

நீலப் புகை, ஆயில் எரிவதைக் காட்டும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வந்து ஓய்ந்தால் வால்வு சீல். மிதிக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் ரிங். கரும்புகை, பெட்ரோல் மிகுதி: அடைத்த ஏர் ஃபில்டர், அல்லது உள்ளே தள்ள மறந்த சோக். இரண்டாவதற்கு மெக்கானிக் தேவையில்லை, வெட்கம் போதும்.

வெண்புகை குளிர்காலக் காலையில் நீராவி, பயமில்லை. சூடேறிய பிறகும் தொடர்ந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே டிகிரி காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலந்துவிட்டன. இன்ஜினுக்கு அந்தக் காப்பி ஆகாது.

3. அடுக்குத்தொடர் இயல்

வண்டி பேசுவது இரட்டைக்கிளவி. மெக்கானிக் பேசுவது அடுக்குத்தொடர். இது பிரித்தாலும் பொருள் தரும், ஆனால் நிறைவேறும் என்ற உறுதி தராது. ஒரு சொல் நான்கு முறைக்கு மேல் அடுக்கக்கூடாது என்பது நன்னூலார் வகுத்த எல்லை. இதைக் கள ஆய்வில் சோதிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

சென்ற ஆண்டு என் வண்டி குலுங்கத் தொடங்கியது. மூன்று சிலிண்டரில் ஒன்று வேலை நிறுத்தம் செய்தால் இந்த வண்டி முறத்தில் புடைப்பதுபோல் ஆடும். ஷெட்டுக்குப் போனதும் நான் புலமையைக் காட்டினேன்.

“அண்ணே, கார்புரேட்டர்லதான் அடைப்புன்னு நினைக்கிறேன்.”

“அதேதான் சார்,” என்றார் மெக்கானிக். அவர் இன்னும் பானெட்டைத் திறக்கவில்லை.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள். வண்டி எப்போது கிடைக்கும் என்றேன். நாளைக்கு என்றார். மறுநாளும் நாளைக்கு. நான்காவது ‘நாளைக்கு’ வரை நன்னூலுக்கு உட்பட்டே நடந்தார். ஐந்தாவது நாளும் அதையே சொன்னபோது இலக்கணம் உடைந்தது. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருத்தல் முல்லைக்கு உரிப்பொருள் என்று படித்திருக்கிறேன். கிரீஸ் வாசனையில் இருத்தல் எந்தத் திணை என்று தெரியவில்லை.

வண்டி இன்னும் ஆடியது. “இன்ஜினை இறக்கிப் பார்த்துரலாம் சார்.” பழைய கார் வைத்திருப்பவனுக்கு இதைவிடக் கொடிய வாக்கியம் தமிழில் இல்லை. இறக்கினால் போர் போட வேண்டும், ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்க வேண்டும், ஹெட்டை லேத்துக்கு அனுப்ப வேண்டும். பட்டியல் நீளும்போது, பக்கத்தில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த பையன் வந்தான். வயது இருபது இருக்கும். இன்ஜினை ஓடவிட்டு, ரப்பர் பிடியால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக உருவிச் சொருகினான். முதல் ஒயரை உருவியதும் ஆட்டம் கூடியது. அந்தச் சிலிண்டர் உழைக்கிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை உருவினான். வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை. யார் எழுந்து போயும் வேலை கெடவில்லையோ, அவரே அதுவரை வேலை செய்யாதவர். இதே சோதனையை அலுவலகங்களிலும் செய்து பார்க்கலாம்.

“இந்த ஒயர் உள்ளுக்குள்ள விட்டுப்போச்சு அண்ணே.” ஒயர் மாறியது. குலுக்கல் நின்றது. ஐந்து நாள் ஆய்வில் கிடைத்த முடிவு, ஒன்றரை முழ ஒயர்.

மெக்கானிக் அண்ணன் மேல் குற்றமில்லை. நான் கார்புரேட்டர் என்றேன். அவர் கார்புரேட்டரைச் செய்தார். மருத்துவரிடம் போய் வயிறு வலிக்கிறது என்று சொல்லாமல், அப்பெண்டிக்ஸை எடுத்துவிடுங்கள் என்று கேட்டவன் நான்.

4. முடிபு

இவ்வாய்வால் பெறப்படுவன: பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், அறிகுறியைச் சொல்லுங்கள். சத்தம் எங்கே, எப்பொழுது, சூட்டிலா குளிரிலா, நிற்கையிலா ஓடுகையிலா என்று துண்டுச் சீட்டில் எழுதிப் போங்கள். மெக்கானிக் முன்னால் சத்தம் நின்றுவிடும், அது அதன் குணம். ஆகவே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டிக் காட்டுங்கள். பிளக், பிளக் ஒயர், ஏர் ஃபில்டர் ஆகிய சில்லறைகளைப் பார்க்காமல் இன்ஜினை இறக்க விடாதீர்கள். இறக்கத்தான் வேண்டுமென்றால் முதலில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

அந்த ஒயரை நான் வாங்கி வைத்திருக்கிறேன். மேசை மேல், நன்னூலுக்குள், பக்க அடையாளமாக இருக்கிறது.